ஏழாம் மாதம் நின்றுபோன எடை

எடை குறைய வயிற்றை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஏழாம் மாதம் எடை 92 கிலோவிலேயே நின்றுவிட்டது. 5 வாரம் எண் மாறவில்லை. பயந்துபோய் சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்தினேன். தலைசுற்றலும் மலச்சிக்கலும்தான் மிச்சம். அப்படி அடியோடு விட்டிருக்கக் கூடாது.

பிறகு ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதி வைத்தேன். மாலையில் மயிலாப்பூர் மாட வீதியில் நடந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பொட்டலம் முறுக்கு, டீயில் தோய்த்த பிஸ்கட். மொறுமொறுப்பெல்லாம் வாயிலேயே கூழாகி, சுருங்கின வயிற்றிலிருந்து சட்டென்று இறங்கிவிடும்; எவ்வளவு தின்றாலும் நிறையாது.

இப்போது முதலில் முட்டையோ மீனோ, அப்புறம் காய், இடமிருந்தால் மூன்று ஸ்பூன் சோறு. புரதம் தினமும் 60 கிராமுக்குக் குறையாது. சாப்பிட்டு அரை மணி கழித்தே தண்ணீர். மூன்றாம் வாரம் 90.8.