முகாமுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு (வாயின் மேற்கூரையில் பிளவு) பிறந்த குழந்தைகளுக்கு வெளிநாட்டில் இலவசமாக அறுவை சிகிச்சை செய்யும் முகாம்களுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். நாங்கள் ஆரம்பத்தில் தடுமாறிய அதே இடங்களில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள். பாஸ்போர்ட், தடுப்பூசி பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை; அதை ஏற்பாட்டாளர்களே நச்சரித்துச் செய்ய வைத்துவிடுவார்கள்.

காத்திருக்கும் குழந்தைக்குத் தின்பண்டம்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு முகாமில், அடுத்து உள்ளே போக வேண்டிய குழந்தை பசியில் அழுதது. பாவம் பார்த்து ஒரு தன்னார்வலர் பிஸ்கட் கொடுத்துவிட்டார். மயக்க மருந்து உடலில் ஏறினால் இருமலும் விழுங்குதலும் அடங்கிவிடும். அப்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பொதுவாகத் திட உணவுக்கும் பவுடர் பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2 என்று இடைவெளி விடச் சொல்கிறார்கள். மயக்க மருத்துவர் முடியாது என்று சொல்லிவிட்டார். சரி, மறுநாள் செய்யலாமே என்று தோன்றும். அதுதான் முகாமின் கடைசி அறுவை சிகிச்சை நாள். கடன் வாங்கிப் பயணச் செலவு செய்து வந்த குடும்பம் அப்படியே திரும்பிப் போனது. கொடுத்தவரோ, "ஒரே ஒரு பிஸ்கட்தானே?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டானா?" என்று பெற்றோரிடம் கேட்டும் பயனில்லை. முறை தவறிவிடுமோ என்ற பயத்தில் இல்லை என்றுதான் சொல்வார்கள். கடைசியாக என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். கூட வந்த அண்ணன் அக்காவையும் விசாரியுங்கள். ஊட்டிவிடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

அதற்காக நள்ளிரவிலிருந்தே பட்டினி போடுவதும் தப்பு. கைக்குழந்தைக்குச் சீக்கிரம் நீர்ச்சத்து குறைந்துவிடும். அறுவை சிகிச்சை தள்ளிப்போனால், தண்ணீராவது கொடுக்கலாமா என்று மயக்க மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

எடை

குழந்தையின் எடையைக் கிலோவில் மட்டும் எழுதுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். பவுண்டு எண்ணைக் கிலோ என்று யாராவது படித்தால், மருந்து இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும்.

வீட்டில் மிஞ்சிய மருந்து

வேண்டாம். நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை நன்கொடையாக அனுப்பக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் பெட்டியில் இருக்கும் பாதி அட்டை மாத்திரை இரண்டிலுமே தேறாது.

புகைப்படம்

பெற்றோர் சம்மதிக்காமல் எடுக்காதீர்கள்.

குறிப்புகளோடு விமானம் ஏறுவது

அண்ணத்தில் போட்ட தையல் சில குழந்தைகளுக்குப் பிரிந்து ஓட்டை விழும். பலருக்குப் பேச்சுப் பயிற்சியும் தேவைப்படும். இதையெல்லாம் பார்க்கப்போவது உள்ளூர் மருத்துவர்தான். என்ன செய்தோம், எந்த மருந்து, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள். பெற்றோர் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும். உங்கள் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கும் கோப்பு அங்கே ஒருவருக்கும் உதவாது.