தரை வண்டும் களை விதையும்: எக்செலில் ஒரு சின்ன மாடல்

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து மானாவாரி வயல்களில் களையெடுப்புக் கூலிதான் பெரிய செலவு. அந்தக் களையின் விதையைத் தின்று கழிக்கிற உயிர்களும் அதே வயலில்தான் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது தரை வண்டு. பல இனங்கள் பூச்சிகளைத் தின்னும். ஹார்பாலஸ், அமாரா போன்றவை விதையையும் தின்னும். பிரிட்டனில் 250-க்கும் மேற்பட்ட வயல்களின் தரவை வைத்து 2011-இல் வெளிவந்த ஆய்வு, இவை மண்ணில் களை விதை சேர்வதைக் கட்டுப்படுத்துவதாகக் காட்டியது. நம் வயலுக்கு இந்தக் கணக்கை நாமே போடலாம்.

படி 1: வண்டு இல்லாத கணக்கு

ஒரு சதுர மீட்டர் மண்ணில் 1000 சாரணை விதை கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (இங்குள்ள எண்கள் எல்லாம் பயிற்சிக்கானவை.) 20% முளைத்தால் 200 செடி. முளைக்காத 800-இல் 30% மண்ணிலேயே மடிந்தால் மிச்சம் 560. களையெடுப்புக்குத் தப்புவது 5%, அதாவது 10 செடி. செடிக்கு 100 விதை என்றால் புது விதை 1000. ஆக, அடுத்த பருவத்துக்கு 560 + 1000 = 1560.

படி 2: வண்டைச் சேர்ப்பது

இந்த இடத்தில் கவனம் வேண்டும். 1560-ஐ மொத்தமாகக் குறைக்கக் கூடாது. வண்டுக்கு எட்டுவது மண்மேல் புதிதாக உதிர்ந்த 1000 மட்டும்தான். பாதியைத் தின்றால் 560 + 500 = 1060, இன்னும் கூடுகிறது. 60% தின்றால் 960, குறையத் தொடங்கிவிட்டது. நடுவில் 56% தின்றால் சரியாக 1000-இலேயே நிற்கும். இந்த எல்லையைக் கண்டுபிடிக்கத்தான் மாடலே.

படி 3: நாள் கணக்கு

ஒரு நாளைக்கு, இருக்கிற விதையில் 3% காணாமல் போகிறது என்றால், மிச்சம் 0.97-ஐ நாள் எண்ணிக்கையின் அடுக்குக்கு உயர்த்தினால் வரும். 15 நாளில் தின்றது 37%. 30 நாளில் 60%. 56% எல்லையைத் தொட 27 நாள் வேண்டும். தை மாதம் அறுவடை முடிந்து, ஈரம் காயும் முன் டிராக்டர் விட்டுவிட்டால் விதை மண்ணுக்குள் போய்விடும், வண்டுக்கு எட்டாது. உழவைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று யோசிக்க வேண்டிய இடம் இது என்பேன்.

படி 4: அந்த 3%-ஐ அளப்பது

உப்புத்தாளில் 50 களை விதையை லேசாகப் பசை போட்டு ஒட்டி, வயலில் தரையோடு தரையாகப் பதியுங்கள். எலியும் பறவையும் நுழையாமல், வண்டு மட்டும் புகும்படி கம்பிவலையால் மூடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு தாளைக் கொசுவலையால் முழுதாக மூடுங்கள். காற்றிலும் மழையிலும் உதிர்வது அதில் தெரியும், அதைக் கழித்துவிடலாம். எறும்பும் கம்பிவலைக்குள் வந்து விதை தூக்கும், நம் ஊரில் அதை லேசாக எண்ண முடியாது. அதனால் வாய்மட்டம் தரைக்குச் சமமாக ஒரு பிளாஸ்டிக் டம்ளரைப் புதைத்து, காலையில் யார் யார் விழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

படி 5: எண்ணை மாற்றிப் பார்ப்பது

களையெடுப்புக்குத் தப்புவதை 5%-இலிருந்து 3% ஆக்குங்கள். புது விதை 600 ஆகும். எல்லை 56%-இலிருந்து சுமார் 27%-க்கு இறங்கும். 27 நாள் காத்திருந்த இடத்தில் 11 நாள் போதும். அப்புறம் எக்செலில் ஒரு பருவத்தின் கணக்கை ஒரு வரிசையில் எழுதி, அதன் முடிவையே அடுத்த வரிசையின் தொடக்க விதையாக வைத்து, கீழே இழுத்துப் பத்துப் பருவத்துக்கு ஓட்டிப் பாருங்கள்.