மேசை மேல் விண்வெளிச் சண்டை: கலத்தை நியூட்டன் விதிப்படி ஓட்டுவது எப்படி?

மேசை மேல் சின்ன பொம்மைப் படைகளை வைத்து ஆடும் தரைப்படை மினியேச்சர் விளையாட்டின் விதிகளை அப்படியே விண்கலத்துக்குப் போட்டால், கலம் ஆறு அங்குலம் போகும், நிற்கும், திரும்பும். அது விண்கலம் இல்லை, டாங்கி. வெற்றிடத்தில் என்ஜினை அணைத்தாலும் கலம் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஒன்றை மட்டும் விதிக்குள் கொண்டுவந்து பாருங்கள், ஆட்டமே வேறாகிவிடும்.

முதலில் அளவு. ஒரு சுற்று 1,000 விநாடி, ஓர் அங்குலம் 10,000 கிலோமீட்டர். காரணம் இருக்கிறது: 1 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் 1,000 விநாடி எரித்தால் வேகம் விநாடிக்கு சுமார் 10 கி.மீ. கூடும். அதாவது சுற்றுக்குச் சரியாக ஓர் அங்குலம். பூமியின் விட்டம் 12,742 கி.மீ., அதற்குத் தண்ணீர் பாட்டில் மூடி போதும். அங்கிருந்து 38 அங்குலம் தள்ளி ஒரு கொண்டைக்கடலை வையுங்கள், அதுதான் நிலா. மணிக்கணக்கில் இப்படி எரியும் என்ஜின் இன்று யாரிடமும் இல்லை. அந்த ஒரு கற்பனை போதும், மற்றதெல்லாம் இயற்பியல்படியே நடக்கட்டும்.

அடுத்து நகர்வு. கலத்துக்கு இரண்டு பட்டன்: வெள்ளை, போன சுற்றில் இருந்த இடம், கறுப்பு, இனிப் போகும் இடம். வெள்ளையிலிருந்து கலம் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் இருக்கிறதோ, அதே அளவு கலத்துக்கு முன்னால் கறுப்பை வையுங்கள். என்ஜினை எரித்தால் கறுப்பை விரும்பிய பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தலாம். அப்புறம் வெள்ளை கலத்தின் இடத்துக்கு, கலம் கறுப்பின் இடத்துக்கு. 1973இல் வந்த டிரைபிளானட்டரி விளையாட்டில் இதையே வரைபடத்தின் மேல் கோடு போட்டுச் செய்தார்கள்.

எரிபொருளுக்கு 12 புளியங்கொட்டை. ஒரு முறை எரித்தால் ஒன்று போய்விடும்.

சரி, துப்பாக்கி எதுவும் இல்லாமல் ஒரு பயணம் போய்ப் பாருங்கள். பூமியின் நடுவிலிருந்து 2 அங்குலத்தில் கலத்தை நிறுத்திவைத்து, நிலாவை நோக்கி ஆறு சுற்று எரியுங்கள்: 1, 2, 3 என்று கூடி மொத்தம் 21 அங்குலம் வந்திருப்பீர்கள். இன்னும் 15 தான் பாக்கி, இப்போதே எதிர்த்திசையில் எரிக்க வேண்டும். 5, 4, 3, 2, 1. பன்னிரண்டாவது கொட்டையோடு கடலையின் பக்கத்தில் கலம் நின்றுவிடும். 3 மணி 20 நிமிடப் பயணம். புதிதாக ஆடுபவர் எல்லாரும் ஒரு சுற்று சும்மா விட்டுவிட்டு, 9 அங்குலம் இருக்கும்போதுதான் பிரேக்கை நினைக்கிறார்கள். அப்போது கலம் நிலாவைத் தாண்டி 6 அங்குலம் போய்த்தான் நிற்கும், திரும்பி வரக் கொட்டை இருக்காது.

ஈர்ப்புக்குப் பெரிய விதி வேண்டாம். பூமியின் நடுவிலிருந்து 1 அங்குலத்தில் இழுப்பு சுற்றுக்கு 0.4 அங்குலம், 2 அங்குலத்தில் வெறும் 0.1. ஆகவே ஓர் அங்குலத்துக்குள் வந்தால் மட்டும் கறுப்பை அரை அங்குலம் பூமிப் பக்கம் தள்ளுங்கள்.

லேசருக்கு உங்கள் பழைய பகடை விதியே போதும். ஒளி இந்த மேசையை 1.3 விநாடியில் கடந்துவிடும். எனக்குப் பிடித்த ஆயுதம் சரளைக்கல். சேதம் என்பது இரு கலங்களின் வேக வித்தியாசத்தின் வர்க்கம்: வித்தியாசம் 2 என்றால் 4 புள்ளி, 6 என்றால் 36. விநாடிக்கு 60 கி.மீ. வேகத்தில் மோதும் ஒரு கிலோ கல்லில் 400 கிலோ டிஎன்டி வெடிமருந்துக்கும் மேலான ஆற்றல் இருக்கிறது. பிரேக் போடத் தொடங்கும் முன் அவிழ்த்துவிட்ட சரளை பழைய வேகத்திலேயே முன்னால் போய்க்கொண்டிருக்கும். அதற்கும் இரண்டு பட்டன் வைத்துவிடுங்கள்.