முன்வாங்கு எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களின் அனுமதியில் பாகுபாடு செய்யக்கூடாது என்று இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. ஆயினும் செவிப்புலன், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலையைச் சுட்டிக்காட்டிப் பெற்றோரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. சேர்த்துக்கொண்ட பின்னரும், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சில தவறுகள் பிள்ளையைப் பாடத்திலிருந்து விலக்கிவிடுகின்றன.

அவற்றுள் முதன்மையானது, எந்தக் குறைபாடானாலும் பிள்ளையை முன்வாங்கில் இருத்திவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுவது. செவிப்புலன் கருவி ஆசிரியரின் குரலோடு சுற்றியுள்ள இரைச்சலையும் பெருக்கித் தரும். அரைச்சுவரால் மட்டும் பிரிக்கப்பட்ட நம் வகுப்பறைகளில், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லும் நேரத்தில், முன்வாங்கிலிருக்கும் பிள்ளைக்குக்கூட ஆசிரியர் கூறுவது விளங்காது; பின்னாலிருந்து விடை சொல்லும் மாணவரின் முகமும் தெரியாது. எனவே அரைச்சுவரிலிருந்து தள்ளி, நன்றாகக் கேட்கும் காது ஆசிரியரின் பக்கம் இருக்கும்படி, வகுப்பைத் திரும்பிப் பார்க்கக்கூடிய ஓர் ஓரத்தில் இருத்துவதே பெரும்பாலும் பயன்தரும். கரும்பலகையைப் பார்த்தபடி பேசும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். பார்வை குறைந்த பிள்ளைக்கோ யன்னல் வெயில் பலகையில் பட்டுக் கூசுவதே பெருந்தடையாகலாம். எங்கிருந்தால் நன்றாகத் தெரிகிறது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

இரக்கத்தால் பாடத்தின் தரத்தைக் குறைப்பது இன்னொரு தவறு; என் கணிப்பில் மிகக் கொடியதும் இதுவே. மெதுவாக எழுதும் பிள்ளைக்குப் பத்துக் கணக்குக்குப் பதிலாக அதே கடினமுள்ள ஐந்தைக் கொடுக்கலாம், வாய்மொழியாக விடை பெறலாம். கீழ்வகுப்புக் கணக்கைக் கொடுத்து முழுப்புள்ளி இடுவது அவரது கல்வியைப் பறிப்பதாகும்.

மேலதிக நேரத்தையும் எழுத உதவுபவரையும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதுதான் பலர் நினைக்கிறார்கள். விண்ணப்பத்தை அதிபர் மூலம் காலத்தோடு அனுப்புவது ஒருபுறமிருக்க, நிறுத்தக்குறியோடு வசனத்தைச் சொல்லி எழுதுவிப்பதற்கும், கேத்திரகணித உருவொன்றைச் சொற்களால் விளக்குவதற்கும் நீண்ட பயிற்சி வேண்டும். ஆகவே தவணைப் பரீட்சைகளிலேயே அவற்றை வழங்கத் தொடங்குங்கள்.

பிள்ளையின் நிலையை வகுப்பின் முன் அறிவிப்பதும், அவரது தேவைகள் முழுவதையும் ஒரே நண்பரின் தோளில் சுமத்துவதும் கூடாது. வகுப்பாசிரியர் மாறும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவிடாமல், பயன்பட்ட ஏற்பாடுகளையும் பயன்படாதவற்றையும் ஒரு தாளில் எழுதிப் புதியவரிடம் ஒப்படையுங்கள்.