ஜிப்ஸியின் ஐடிலும் சஸ்பென்ஷன் சத்தமும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019-இல் பொது விற்பனை நின்றதிலிருந்து பழைய மாருதி ஜிப்ஸியைத் தேடி வாங்குகிற இளைஞர்கள் கூடிவிட்டார்கள். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் பட்டறைக்கு வருகிற பல வண்டிகளில், முதலில் இருந்த பழுதைவிடப் பழுது பார்க்கப்போய் வரவழைத்த பழுதே பெரிதாக இருக்கிறது. நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள். ஏர் ஃபில்டர், பிளக் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஐடில் ஸ்க்ரூவைத் திருகிப் பழுதை மூடுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைக்கிற தவறு இதுதான். சிக்னலில் வண்டி அணைந்து போகிறது. உடனே பானெட்டைத் திறந்து, ஐடிலை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவை அரைச்சுற்று ஏற்றிவிடுகிறார்கள். இன்ஜின் நிற்காமல் ஓடுகிறது, பழுது தீர்ந்தது என்று நினைக்கிறார்கள்.

1985-இல் வந்த ஒரு லிட்டர் வண்டியானாலும், 1996-இல் வந்த 1.3 லிட்டர் கிங் ஆனாலும், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) உள்ள வண்டியில் ஐடிலுக்கான பெட்ரோல் தனி வழியாக வருகிறது. ஸ்க்ரூவை அதிகம் ஏற்றினால் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு திறந்து, அடுத்த துளைகளிலிருந்தும் பெட்ரோல் இழுக்கத் தொடங்கும். அதன்பிறகு பெட்ரோல்-காற்றுக் கலவைக்கான மிக்ஸர் ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் சரியாகப் பிடிபடாது. மைலேஜ் விழும். சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் சில நொடி உதறிக்கொண்டு ஓடும். அடுத்து எல்லோரும் சொல்வது, “கார்புரேட்டர் போச்சு, புதுசு போடுங்க.”

வால்பாறை எஸ்டேட் ஒன்றில் ஓடிய கிங் வண்டி அப்படித்தான் வந்தது. அதன் சொந்தக்காரர் வேறொரு பட்டறையின் பேச்சைக் கேட்டு, கார்புரேட்டரை ஒரு முறைக்கு மேல் மாற்றியிருந்தார். ஐடில் மட்டும் சரியாகவில்லை. நான் ஒரு முழம் ரப்பர் ஹோஸை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் அடியில் மெதுவாக நகர்த்தினேன். பின்பக்க மூலையில் “ஸ்ஸ்” என்று காற்று இழுக்கும் சத்தம். அங்கே கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் இன்ஜின் ஓட்டம் மாறியது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், அடியில் இருக்கும் கருப்பு இன்சுலேட்டர் துண்டில் மயிரிழை வெடிப்பு. அந்தச் சின்னத் துண்டுக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்திருந்தார். கழற்றிய ஒரிஜினல் கார்புரேட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்று அவர் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, எதை முதலில் பார்ப்பது? வேக்கம் ஹோஸ்கள் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய்கள்) ஒவ்வொன்றையும் முனையில் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். வண்டி நின்று இன்ஜின் ஓடும்போது பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) போகும் ஹோஸை ஒரு கணம் அழுத்திப் பிடியுங்கள். ஐடில் சீரானால் பழுது பூஸ்டர் பக்கம். கார்புரேட்டரில் ஒற்றை வயரோடு சோலினாய்டு (கரண்டில் திறக்கும் சின்ன வால்வு) இருந்தால், சாவியைப் போடும்போது “டிக்” என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் வயரைப் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால் டேப்பெட் (வால்வு) இடைவெளியையும், டைமிங்கையும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பாருங்கள். ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலை.

2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி) ஐடிலைப் பார்த்துக்கொள்வது ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர். த்ராட்டில் பாடியில் உள்ள ஸ்டாப் ஸ்க்ரூவைக் கம்பெனியில் வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கார்பனைத் துடைத்து, ஐடில் காற்று வால்வைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

சஸ்பென்ஷன் அல்லாத சத்தத்தைச் சஸ்பென்ஷன் என்று நினைப்பது

ஜிப்ஸியின் சஸ்பென்ஷனில், அதாவது குலுங்கலைத் தாங்கும் அமைப்பில், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்). அடியில் “டக்” என்று கேட்டாலே ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார்கள். எப்போது கேட்கிறது என்று முதலில் கவனியுங்கள். கிளட்ச் விடும்போதும் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் கேட்டால் அது யு ஜாயிண்ட்டாக (சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டு) இருக்கலாம். அல்லது முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் பெட்டியின் ரப்பர் மவுண்ட். இந்த வண்டியில் டிரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல், சேஸியில் ரப்பர் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் நைந்தால் பெட்டி முழுவதும் உதறும். ஐடில் கரடுமுரடாக இருந்தால் இந்தச் சத்தம் நின்ற இடத்திலேயே வரும், அதனால் ஐடிலை முதலில் சரிசெய்துவிட்டு அடியில் படுங்கள்.

பள்ளத்தில் மட்டும் கேட்டால்தான் ஷாக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், பாடி மவுண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்; புஷ் என்பது ரப்பர் வளையம். ஷாக்கிளின் பக்கத்தில் கடப்பாரையை வைத்து நெம்பினால் புஷ் நைந்திருப்பது உடனே தெரியும்.

ஜாக்கியில் நிறுத்தியபடியே ஷாக்கிள் போல்ட்டை முறுக்குவது

கூடாது. சக்கரம் தரையில் இருந்து, வண்டியின் பாரம் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் திருகிய நிலையிலேயே இறுகி, சீக்கிரம் கிழிந்துவிடும்.

சத்தம் வருகிறது என்று ஸ்பிரிங்கில் பழைய ஆயில் ஊற்றுவது

ரப்பர் புஷ் ஊதிப்போகும். வேண்டாம்.

யு போல்ட்டை மறப்பது

ஸ்பிரிங்கில் வேலை பார்த்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கும் யு போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். தளர்ந்தால் பாரம் ஸ்பிரிங் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் மேல் விழும், அது உடைந்தால் ஆக்சில் பின்னுக்கு நகரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் போடும்போது புதிதாக ஒரு “டக்”, கூடவே இழுப்பு என்றால் மலைப்பாதையில் இறங்காதீர்கள், வண்டியை அங்கேயே நிறுத்திப் பாருங்கள்.