"போன் பண்றோம்" என்று சொல்லி அனுப்பாமல் ஆள் எடுப்பது எப்படி?

"போன் பண்றோம்னு சொன்னாங்க. பண்ணவே இல்ல." சேலத்தில் வேலை தேடி அலைந்தவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வந்து, காத்திருந்து பேசிவிட்டுப் போனவருக்கு 'இல்லை' என்ற பதிலைக்கூடக் கொடுக்காமல் விடுவது மரியாதைக் குறைவு. இதைச் சரிசெய்ய ஹெச்ஆர் பிரிவெல்லாம் வேண்டாம். செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறை, ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலை, ஏற்காட்டு ரிசார்ட் என்று ஐந்து பேரோ ஐம்பது பேரோ வேலை பார்க்கும் இடத்துக்கு ஒரு ஸ்மார்ட்போன், இதற்கென்றே ஒரு தனி சிம், ஒரு ஜிமெயில் கணக்கு போதும்.

1. விளம்பரம்

'தகுதிக்கேற்ற சம்பளம்' என்ற வரியை முதலில் எடுங்கள். மொத்தச் சம்பளம், கையில் வரும் சம்பளம் என இரண்டையும் போடுங்கள். மொத்தம் 14,000 ரூபாய், அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப் 12% பிடித்தால் 1,200. இஎஸ்ஐ மொத்தத்தில் 0.75% பிடித்தால் 105. கையில் வருவது 12,695. 14,000 என்று மட்டும் போட்டுவிட்டால் முதல் சம்பளத்தன்றே மனக்கசப்பு தொடங்கிவிடும்.

வேலை நேரம், வார லீவு எந்த நாள், சாப்பாடு உண்டா என்பதையும் எழுதுங்கள். மலை மேல் வேலை என்றால் தங்கும் அறையில் எத்தனை பேர் என்பதுவரை சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான்.

2. விண்ணப்பப் படிவம்

கூகுள் ஃபார்ம்ஸ் போதும். கேள்விகள் தமிழில், ஆறுக்கு மேல் வேண்டாம்: பெயர், போன் நம்பர், ஊர், எந்த வேலை, முன் அனுபவம், எப்போது பேசலாம். ஆதார் நம்பரை இந்தக் கட்டத்தில் கேட்காதீர்கள். வேலைக்கு எடுத்த பிறகுதான் அது தேவை.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பயோடேட்டாவை வாங்குவதற்காக 'ஃபைல் அப்லோட்' கேள்வியைச் சேர்த்துவிடுவார்கள். அதைச் சேர்த்ததும் படிவம் நிரப்புபவர் கூகுள் கணக்கில் சைன் இன் செய்தே ஆகவேண்டும். உங்கள் போனில் ஏற்கெனவே சைன் இன் ஆகியிருப்பதால் நீங்கள் சோதித்துப் பார்க்கும்போது சிக்கல் தெரியாது. பாஸ்வேர்டு மறந்தவரும், அண்ணன் போனை வாங்கிப் பார்ப்பவரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். 'ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்' என்ற அமைப்பும் இதே வேலையைச் செய்யும். இரண்டையும் விட்டுவிடுங்கள், பயோடேட்டாவை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்கிக்கொள்ளலாம். லிங்க்கை அனுப்பும் முன் பிரவுசரின் இன்காக்னிட்டோ சன்னலில் (அதில் உங்கள் கணக்கு சைன் இன் ஆகியிருக்காது) ஒருமுறை திறந்து, கடைசிவரை நிரப்பிப் பாருங்கள்.

போன் நம்பர் கேள்வியில் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' திறந்து, நம்பர், பிட்வீன், 6000000000 முதல் 9999999999 வரை என்று வையுங்கள். ஒரு எண் விட்டுப்போனாலும் படிவம் அங்கேயே சொல்லிவிடும். பிழைச் செய்தி கட்டத்தில் "+91 வேண்டாம், இடைவெளி விடாமல் 10 எண்கள்" என்று தமிழில் எழுதுங்கள். இதைச் செய்யாவிட்டால் நல்ல ஆள் ஒருவரைக் கூப்பிட வழியே இல்லாமல் போகும்.

3. நேரம் கொடுப்பது

"காலையில வாங்க" என்று முப்பது பேரை ஒன்றாக வரவழைக்காதீர்கள். ஆளுக்கு 20 நிமிடம், மணிக்கு மூன்று பேர். எடப்பாடியிலிருந்தோ மேட்டூரிலிருந்தோ வருபவருக்குப் பத்தரைக்கு மேல் கொடுங்கள்.

ஏற்காட்டு விடுதிகளுக்கு: முதல் சுற்றைப் போனில் பத்து நிமிடம் பேசி முடியுங்கள். இரண்டாவது சுற்றைச் சேலத்தில், புது பஸ் ஸ்டாண்டுக்கோ அஞ்சு ரோட்டுக்கோ பக்கத்தில் ஒரு இடத்தில் வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து கால் மணி நேரம் பேசிவிட்டு இறங்கினால் ஒரு நாளே போய்விடும். எடுக்கலாம் என்று கிட்டத்தட்ட முடிவானவரை மட்டும், வேலையிடத்தைப் பார்க்க மேலே வரவழையுங்கள். அந்த பஸ் காசை நீங்களே கொடுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு ஏப்ரல் கடைசியில் ஆள் தேடினால் இதற்கெல்லாம் நேரமிருக்காது. மார்ச்சிலேயே தொடங்குங்கள்.

4. நேரில் வரும் நாள்

ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பார்த்தவுடன் அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். நகல் போதும். "இருக்கட்டும், சேர்ந்தப்புறம் தரோம்" என்று வாங்கி வைப்பது ஒருவரை அடுத்த வேலைக்குப் போகவிடாமல் கட்டிப்போடுவது. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

கொலுசுக்குப் பற்றவைக்கத் தெரியுமா, முறுகல் தோசை வார்க்கத் தெரியுமா என்று செய்துகாட்டச் சொல்வது நியாயம்தான். அரை மணி நேரம் போதும். அரை நாள், ஒரு நாள் என்று நீண்டால் அது வேலை. அதற்குக் கூலி உண்டு, எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயதில் சின்னவராக இருந்தாலும் 'நீங்க' என்றே பேசுங்கள்.

கிளம்பும்போது ஒரு தேதி சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள்ள, ஆமா இல்லன்னு ரெண்டுல ஒண்ணு வரும்."

5. முடிவு சொல்வது

இதற்குச் சாதாரண வாட்ஸ்அப்பை விட வாட்ஸ்அப் பிசினஸ் நல்லது, இலவசமும்கூட. 'முடிவு சொல்லணும்' என்று ஒரு லேபிள் போடுங்கள். வந்து போன ஒவ்வொருவரையும் அதில் சேர்த்து, பதில் அனுப்பியதும் எடுங்கள். வெள்ளி மாலை அந்த லேபிள் காலியாக இருக்கவேண்டும்.

'இல்லை' என்ற பதிலை 'க்விக் ரிப்ளை'யாகச் சேமித்து, தேதியையும் காரணத்தையும் மட்டும் ஆளுக்கேற்ப மாற்றுங்கள்:

"வணக்கம். ரிசப்ஷன் வேலைக்கு 12-ஆம் தேதி வந்து பேசினீங்க, நன்றி. இந்த முறை ஹிந்தி பேசத் தெரிஞ்ச ஒருத்தரை எடுத்திருக்கோம். உங்க விவரத்தை 3 மாசம் வச்சிருக்கலாமா? 'சரி'ன்னு பதில் வந்தா வச்சிருப்போம், இல்லன்னா அழிச்சிடுவோம்."

காரணம் உண்மையாக இருக்கவேண்டும். தெளிவான காரணம் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்; பொய்க் காரணம் எழுதவேண்டாம்.

எல்லாருக்கும் ஒரே தட்டில் அனுப்பலாமே என்று பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். வேலை கேட்டு வந்தவர்களில் பலர் சேமித்திருக்க மாட்டார்கள். நீங்கள் அனுப்பிவிட்டதாக நினைப்பீர்கள், அவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள். குரூப் தொடங்குவது இன்னும் மோசம்: வந்த பெண்களின் நம்பரெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போய்விடும். க்விக் ரிப்ளையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். முப்பது பேருக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு

வாட்ஸ்அப் இல்லாதவருக்கு? எஸ்எம்எஸ் வேண்டாம், குப்பை மெசேஜ்களுக்கு நடுவில் காணாமல் போகும். போனில் கூப்பிடுங்கள். எடுக்கவில்லையென்றால் மறுநாள் வேறு நேரத்தில் இன்னொருமுறை.

'சேருறேன்' என்றவர் வராமல் போனால்? இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு 'இல்லை' அனுப்பும் முன் இதை யோசியுங்கள். "முதல்ல ஒருத்தரைக் கேட்டிருக்கோம், அவர் திங்கட்கிழமை வரலைன்னா உங்களைத்தான் கூப்பிடுவோம். நடுவுல வேற வேலை கிடைச்சா தாராளமா சேர்ந்துக்குங்க" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். திங்கள் மாலை, எப்படியானாலும், அவருக்கு ஒரு போன்.