நாய்க்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். குட்டியோடு வருகிறவர்களில் பலருக்கு எந்த நேரமும் வெளிநாட்டு மாற்றல் வரலாம். நாயையும் கூட்டிப் போவோம் என்கிறார்கள். பெயரை மட்டும் அந்த ஊரை நினைக்காமல் வைத்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த கெட்ட வார்த்தைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

"அங்கே யார் கவனிக்கப்போகிறார்கள்?"

நாயின் பெயரைத் தெருவில் நின்று கத்தித்தான் கூப்பிடுவோம். மலாய் மொழியில் 'பாபி' என்றால் பன்றி. ஆளைப் பார்த்துச் சொன்னால் கடும் வசை. நம் வீட்டு பாபியை நாம் கூப்பிடுவதும் ஏறக்குறைய அதே ஓசையில்தான். 'பூக்கி' இன்னும் மோசம். அதே ஒலியில் அங்கே பெண்ணுறுப்பைச் சொல்லும் படுகொச்சையான சொல் இருக்கிறது. இங்கே இப்போது தெருவுக்கு ஒரு பூக்கி.

மலேசியாவில் இருக்கும் பினாங்குக்குக் கிளம்பிய அண்ணா நகர் தம்பதியிடம் இதைச் சொன்னேன். "அங்கேயும் நம்ம ஆளுங்கதான் நிறைய இருக்காங்க சார்" என்றார் கணவர். போன கொஞ்ச நாளில், குடியிருப்பின் கீழே அந்தம்மா தங்கள் ஷிட்சூ இன நாயைப் பூக்கி என்று கூவிக் கூப்பிட, பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண் தன் குழந்தையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். விஷயம் புரிந்ததும் வீட்டில் அவசரமாகப் பெயரை மாற்றினார்கள். அப்பா ரோசி என்றார், அம்மா பாப்பா என்றார், பையன் பழைய பெயரை விடவில்லை. நாய் எதற்கும் திரும்பாமல் போனது. ஒரு மாலை வார் நழுவி ரோட்டுக்கு ஓடியது. மூன்று பேரும் மூன்று பெயரில் கத்த, பைக் இடித்துப் பின்னங்கால் முறிந்தது. பெயரைச் சொன்னால் வந்து நிற்க மாதக்கணக்கில் பழக்கிய நாய் அது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பெயரை மாற்றுவதென்றால் சென்னையிலேயே மாற்றுங்கள். முதலில் புதுப் பெயர், உடனே பழைய பெயர், திரும்பியதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. புதுப் பெயருக்கே திரும்ப ஆரம்பித்ததும் பழையதை நிறுத்துங்கள். வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான் வர வேண்டும்.

கொஞ்சல் பெயர்கள்

குக்கி என்பது ஹங்கேரியில் ஆண்குறிக்குக் குழந்தைகள் சொல்லும் பெயர். பிரான்சில் ஜிஜி அப்படி. ஜெர்மனியில் லுலு என்றால் மூத்திரம். ரேண்டி என்றால் பிரிட்டிஷ் பேச்சில் காமவெறி, இந்தியில் ஏறக்குறைய அதே ஓசையில் விலைமாதைச் சொல்லும் வசை. அப்படி வைத்தால் லண்டன் வரை போக வேண்டாம், டெல்லியிலேயே முறைப்பார்கள்.

நிறத்தை வைத்துப் பெயர்

வேண்டாம். 1943-இல் ஜெர்மன் அணைகளைத் தாக்கிய பிரிட்டிஷ் விமான அணியின் தலைவர் கை கிப்சன், தன் கறுப்பு லாப்ரடாருக்குக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லையே வைத்திருந்தார். அந்தப் பெயர் பொறித்த கல்லறைக் கல்லை பிரிட்டிஷ் விமானப்படை 2020-இல் எடுத்துவிட்டு வேறு கல் வைத்தது.

பேப்பரில் ஒன்று, வாயில் ஒன்று

தடுப்பூசிப் புத்தகம், மாநகராட்சி உரிமம், நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் பதிவு மூன்றிலும் ஒரே பெயர், ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும். நாயை அடையாளம் காட்டுவது 15 இலக்க சிப் எண்தான், சரி. ஆனாலும் பெயர் மாறியிருந்தால் கேள்வி வரும். கிளம்புகிற வாரத்தில் அதற்கு அலைய நேரம் இருக்காது.